வேதுப் போர்வை

குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறும்போதே என் புருஷன் ஜோர்ஜ் எல்லோருக்கும் கட்டளை போடத் தொடங்கிவிட்டார். "இவவை இடிக்காதையுங்கோ. இவவுக்குக் கிட்ட இருந்து சுருட்டுப் பத்தாதையுங்கோ. இவவைச் சிரிக்கப் பண்ணாதையுங்கோ." கடைசிக் கட்டளையைக் கேட்டதும் வள்ளத்திலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயை ஆவென்று திறந்து, மூச்சை மெல்ல வெளியே விட்டு, அதை அடக்கிக்கொண்டேன். சிரிப்புக்கே தடை போட்ட நோய் எனக்கு.

2003ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். சமாதான காலம் என்று பெயர். யுத்தத்தில் மூடிக் கிடந்த பாதை திறந்திருந்தபடியால்தான் நான் கொழும்புக்குப் போய் உயிரோடு நெடுந்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் தையல்காரி. ஊசிக் காதில் நூல் கோக்க முடியாமல் போன பிறகுதான் மூளைக்கு அடியில், கண் நரம்புகளுக்குக் கீழே, ஒரு கட்டி வளர்வது தெரியவந்தது. டொக்டர் வேதநாதன் என் மண்டையைத் திறக்கவில்லை. விளக்கும் கமராவும் பூட்டிய மெல்லிய குழாயை மூக்குத் துவாரத்தால் விட்டு, மண்டையோட்டின் அடித்தட்டில் ஓட்டை போட்டுக் கட்டியை எடுத்தார். கட்டியை எடுப்பது பெரிய காரியமில்லையாம். போட்ட ஓட்டையை அடைப்பதுதான் காரியமாம். என் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பும் தொடையிலிருந்து ஒரு துண்டுச் சவ்வும் வெட்டியெடுத்து, உள்ளே ஒட்டுப் போட்டுப் பசை தடவி விட்டிருந்தார். ஒட்டுப் போடுவது எனக்குத் தெரிந்த தொழில். ஒரே சட்டையின் உள்மடிப்பில் துண்டு வெட்டி முழங்கையில் வைத்துத் தைப்போமே, அதே வேலைதான்.

"ஆனால் தையல் போடேலாத இடம்," என்றார் டொக்டர். "ஒட்டுத் தானாப் பிடிக்க வேணும். ஒண்டரை மாசம் செல்லும். அதுவரைக்கும் குனியக்கூடாது, முக்கக்கூடாது, மூக்குச் சீறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கத்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கோ. படுக்கிறதும் சாய்ஞ்சபடிதான்."

"ஒட்டு விட்டிட்டால்?"

"மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணி மூக்காலை வடியும். குனிஞ்சால் பச்சைத்தண்ணி மாதிரிச் சொட்டும். அந்த வழியாலை கிருமி உள்ளை போகும். பிறகு காய்ச்சல், பிடரி விறைப்பு. நெடுந்தீவிலை இருந்து வந்து சேர உங்களுக்கு நேரம் காணாது. சளியெண்டு நினைச்சு மட்டும் இருந்திடாதையுங்கோ."

இதைக் கேட்ட ஜோர்ஜின் முகம் செத்துப்போயிற்று. அன்று பின்னேரம் வார்டில், என் கட்டிலோரம் இருந்துகொண்டு சொன்னார்: "றஞ்சனிக்கும் உப்பிடித்தான் சொட்டினது."

றஞ்சனி ஜோர்ஜின் தங்கை. நான் அந்த வீட்டுக்கு வாழ வருமுன்பே, 1996இல், காய்ச்சல் வந்து செத்துப்போனவள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆடு கலைக்கப்போய், முருகைக்கல் மதிலால் விழுந்து, அவளுக்கு நெற்றி அடிபட்டது என்பதை அன்றுதான் கேட்டேன். சில நாட்களில் மூக்கால் தண்ணீர் சொட்டத் தொடங்கியதாம்.

"அம்மா சளித் தடிமன் எண்டுதான் நினைச்சவ. ஒவ்வொரு நாளும் ஆவி காட்டி வேது பிடிச்சவ. குனிய வைக்கக் குனிய வைக்க நல்லாச் சொட்டும். நீர் இறங்குதெண்டு அம்மாவுக்குச் சந்தோஷம்."

சொல்லிவிட்டு என் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்.

மாமியின் வேது எனக்குத் தெரியும். அக்னேசம்மாவின் வேதென்றால் அயலில் எல்லோருக்கும் தெரியும். கலியாணமாகி வந்த முதல் மாரியில் எனக்குத் தடிமன் பிடித்தது. மாமி பானையில் நொச்சியும் வேப்பிலையும் ஆடாதோடையும் போட்டு அவித்து, ஆவி பறக்க என் முன்னால் கொண்டுவந்து வைத்து, தலைக்கு மேலே ஒரு தடித்த போர்வையைப் போட்டு மூடினா. உள்ளே இருட்டு. மூச்சு முட்டி நான் தலையைத் தூக்கப் பார்த்தபோது, போர்வைக்கு மேலால் ஒரு கை வந்து என் பிடரியில் அமர்ந்தது. கருவாடு வெட்டிக் காய்த்த கை. பாதியில் தலை தூக்கினால் நீர் இறங்காது என்பது மாமியின் வைத்தியம். "இன்னும் கொஞ்சம் பிள்ளை," என்று சொல்லிச் சொல்லி, பானை ஆறும்வரைக்கும் அழுத்திப் பிடித்திருந்தா. அன்பான மனுஷி. அடுத்த வருஷம் நித்திரையிலேயே போய்விட்டா.

வள்ளம் நெடுந்தீவுத் துறையில் கட்டியது. ஜோர்ஜ் என்னைக் குழந்தை மாதிரித் தூக்கி இறக்கினார்.

வீட்டில் எனக்கு முன்னறையில் சாய்மனைக் கதிரை. பகலும் அதில், இரவும் அதில். முருகைக்கல் சுவர், சின்ன யன்னல். மழைக் காலத்தில் பகலிலும் விளக்குக் கொளுத்த வேண்டிய வீடு அது. சமையலுக்குப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரினா அக்கா வந்து போனா. வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, புட்டுத் தட்டோடு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினா.

"மாக்கிறேற், ஆர் நொச்சி அவிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லையே."

"மூக்கைத் துளைக்குது. உமக்கு மணக்கேல்லையோ?"

எனக்கு எப்படி மணக்கும்? சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் மூக்குக்கு மீனும் ஒன்று, மல்லிகையும் ஒன்று. அக்கா குசினிக்குள் போனா. போன வேகத்தில் திரும்பி வந்தா.

"அடுப்புக் குளிர்ந்துபோய்க் கிடக்குது. சுவரெல்லாம் வேர்த்து வடியுது."

மழை ஈரம் என்று நான் சொன்னேன். ஓம் என்று அக்காவும் சொன்னா. இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம்.

பிறகு போர்வை வந்தது. மண்ணிறத்தில் கட்டம் போட்ட பழைய வேதுப் போர்வை. மாமி செத்த பிறகு பெட்டகத்தின் அடியில் போட்டுப் பூட்டியது. ஒரு காலை அது என் கதிரைக் கையில் மடித்துக் கிடந்தது. ஜோர்ஜைக் கேட்டேன். தான் எடுக்கவில்லை என்றார். திரும்ப வைத்துப் பூட்டினார். அடுத்த நாள் நான் கண் விழித்தபோது அது என் தோளைச் சுற்றி இருந்தது.

தொட்டுப் பார்த்தேன்.

ஈரம். இளஞ்சூடு.

கத்தியிருப்பேன். மற்றவர்களுக்கு அந்த ஆறுதல் உண்டு. பேயைக் கண்டால் கத்தலாம், ஓடலாம், விழுந்து புரளலாம். எனக்கு அதில் ஒன்றும் ஏலாது. கத்தினால் ஒட்டு விட்டுவிடும். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வடிய, ஆடாமல் இருந்தேன். அழுதாலும் மூக்கைச் சீற முடியாது. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட வந்தது.

கடல் கொந்தளித்து வள்ளங்கள் ஓடாமல் நின்ற ஒரு மத்தியானம். ஜோர்ஜ் வலையைப் பார்க்கத் துறைக்குப் போயிருந்தார். வானம் கறுத்து, அறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. கூரையில் மழை. எனக்குக் கண் சொருகியது.

குசினியில் பானை மூடி இலேசாகத் துடித்தது.

பிறகு கால் தேய்த்து நடக்கும் சத்தம். பாரமான எதையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வரும் நடை.

என் முழங்காலுக்கு முன்னால் நிலத்தில் ஏதோ வைக்கப்பட்டது. முகத்தில் சூடு அடித்தது.

இருட்டு என் தலைக்கு மேலால் இறங்கியது. போர்வை.

பிடரியில் ஒரு கை.

"குனி பிள்ளை."

காதுக்குள் வந்த குரல். பழைய கரிசனையே அதிலும் இருந்தது.

தலை தாழ, என் நாடி நெஞ்சை நோக்கிப் போயிற்று. எதிர்த்து முண்டினால் முக்க வேண்டும். முக்கினால் ஒட்டுப் போயிற்று. முண்டாமல் இருந்தால் தலை கீழே போகும், அப்படியும் போயிற்று. எந்தப் பக்கத்தாலும் சாவு. ஆவி என் வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் ஏறியது.

"இன்னும் கொஞ்சம். நீர் இறங்கட்டும்."

நான் தலையை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தேன். இடுப்பைத் தளர்த்தி, சாய்மனையின் சரிவால் மெல்ல வழுக்கிக் கீழே போனேன். உடம்பு கீழே போகப் போக, தலை குனியாமல் கதிரையின் துணியோடு மட்டமாக வந்தது. கால் நிலத்தில் நீண்டது. அங்கே பானை ஒன்றும் தட்டுப்படவில்லை. கை என் பிடரியைத் தேடித் தடவியது. காதை, தலைமயிரை, திரும்பப் பிடரியை.

"மாக்கிறேற்! கதவைத் திறவும், நனையிறன்!" வெளியே கிறிஸ்ரினா அக்கா.

கை போய்விட்டது. போர்வை மட்டும் முகத்தில் கிடந்தது. மேலுதட்டில் ஈரம். அது ஆவியா, வேர்வையா, மூளைத் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் முழுக்க நனைந்திருக்கும்போது எப்படித் தெரியும்? சொட்டுகிறதா என்று பார்க்க ஒரே வழி குனிந்து பார்ப்பது. அதைச் செய்ய நான் என்ன விசரியா?

ஜோர்ஜ் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பாமல் இருக்கவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததுமே நொச்சி மணம் அவருக்கும் பிடிபட்டிருந்தது.

"கிறிஸ்ரினா அக்கா வீட்டை போவம். பாதரிட்டையும் சொல்லுவம்," என்றார்.

"நான் ஏன் போக வேணும்? மாமி பிள்ளைத்தாச்சியைக் குனிய வைப்பா, காய்ச்சல்காரரைக் குனிய வைப்பா, அக்கா வீட்டையும் வருவா. நான் இஞ்சைதான் இருப்பன். என்ர கத்தரிக்கோலை எடுத்துத் தாருங்கோ."

"ஏன்?"

"தாருங்கோவன்."

போர்வையை மடியில் வைத்து நீளமாக ஒரு வெட்டு வெட்டினேன். ஜோர்ஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அம்மான்ர."

"தெரியும். அதுதான் வெட்டிறன்."

கையை விட்டார். பனையின் சார்வோலையை நாலாக மடித்து, மருந்துப் பெட்டி மட்டையை இடையில் கொடுத்து, போர்வைத் துண்டால் சுற்றி, கழுத்துக்கு ஒரு பட்டை தைத்தேன். குனிந்து தைக்க முடியாதே; துணியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி தைத்தேன். தோள் விட்டுப்போயிற்று. ஆனால் நல்ல தையல். நாடியின் கீழே ஒரு முனை, நெஞ்சுக் குழியில் மறு முனை. அதைக் கட்டினால் ஆர் அழுத்தினாலும் தலை கீழே போகாது. கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை, ஏலாது.

அடுத்த நாள் மத்தியானம் ஜோர்ஜை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லி வெளி விறாந்தையில் இருத்தினேன். கதவைச் சாத்தினேன். கதிரையில் இருந்து காத்துக்கொண்டிருந்தேன்.

மூடி துடித்தது. கால் தேய்ந்து வந்தது. சூடு முகத்தில் அடித்தது.

போர்வை வரவில்லை. அது என் கழுத்தில் இருந்தது.

கை வந்தது. பிடரியில் அமர்ந்து அழுத்தியது. பட்டை நெரிந்தது, மடங்கவில்லை. கை இன்னும் பாரமாயிற்று. என் நெஞ்சு எலும்பு நொந்தது. நான் வாயைத் திறந்து, மூச்சை விட்டபடி, குரலை உயர்த்தாமல் பேசினேன்.

"குனியமாட்டன் மாமி."

"குனி பிள்ளை. ஒருக்கா. ஒரேயொருக்கா."

"எனக்குத் தடிமன் இல்லை. றஞ்சனிக்கும் தடிமன் இல்லை."

கை அப்படியே நின்றது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கை எத்தனை பிடரியைத் தேடும்?

"அவளுக்கு மண்டையோட்டிலை வெடிப்பு. சொட்டினது சளியில்லை, மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணி. நீங்கள் குனிய வைக்க வைக்க அது கூட வந்தது. உங்களுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அதுதான் நடந்தது."

என் காதோரம் ஒரு மூச்சு. நீளமான, நனைந்த மூச்சு.

"பொய்."

"பொய்யில்லை மாமி."

"பொய் சொல்லாதை! நீர் இறங்கினது. நான் கண்டனான். இறங்கினது!"

ஆவி பொங்கியது. கண் எரிந்தது. கை என் கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டு இழுத்தது; நூல் ஒன்று அறும் சத்தம் கேட்டது. என் மூக்கின் ஆழத்தில் ஒரு நமைச்சல். தும்மல். நான் வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, தும்மலை வாயால் விட்டேன். கேவலமான சத்தம். தலை ஆடவில்லை.

"இழுங்கோ," என்றேன். "நான் தைச்சது. இழுத்துப் பாருங்கோ. உங்கட பிள்ளை பாவம், உங்கட கைக்குள்ளை நம்பி இருந்தவள். நான் இருக்கமாட்டன்."

இன்னொரு நூல் அறவில்லை.

சூடு மெல்ல மெல்ல இறங்கியது. கை எடுபட்டது. கால் தேய்த்துத் தேய்த்துக் குசினிக்குத் திரும்பியது. அங்கே ஒரு கிழவியின் விம்மல், பிறகு அதுவும் இல்லை.

ஜோர்ஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு. என் பக்கத்தில் நிலத்தில் இருந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியாது, மாக்கிறேற்."

"இப்ப தெரியும்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமியையும் நினைக்கப் பாவமாக இருந்தது. அதற்காக என் தலையைக் கொடுக்க முடியாது. பட்டையைக் கழற்றாமலே அவருடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வீட்டில் நொச்சி மணக்கவில்லை என்று கிறிஸ்ரினா அக்கா சொன்னா. ஆனால் ஒரு பயம் மட்டும் போகவில்லை. அந்த இரண்டு மத்தியானங்களில் ஒட்டு விட்டிருந்தால்? ஒவ்வொரு காலையும் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பிடரியை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். குனிந்து மட்டும் பார்க்கவில்லை.

மார்கழியில் கொழும்புக்குப் போனோம். கிளினிக் அறையில் மேலே காற்றாடி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டொக்டர் வேதநாதன் குழாயை விட்டு உள்ளே பார்த்தார். ஒரு வெள்ளைத் துணியை என் மடியில் விரித்தார்.

"இப்ப குனியுங்கோ. தலை முழங்காலிலை முட்டட்டும். சொட்டுதோ எண்டு பாப்பம்."

ஒன்றரை மாதமாக எவருக்கும் குனியாத தலை. ஜோர்ஜ் வெளியே வாங்கில் இருந்து செபமாலை உருட்டுவார் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். இரத்தம் முகத்துக்கு இறங்கியது. காதுக்குள் இரைந்தது. கண்ணைத் திறந்து, மூக்குக்கு நேர் கீழே இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தேன்.

துணி காய்ந்திருந்தது.

காய்ந்தே இருந்தது.

"ஒரு சொட்டும் இல்லை," என்றார் டொக்டர். குரலில் சந்தோஷம். "ஒட்டு வடிவாப் பிடிச்சிட்டுது. இனி நீங்கள் தும்மலாம், சிரிக்கலாம், கத்தலாம். போதும், நிமிருங்கோ."

நிமிர முடியவில்லை.

பிடரியில் சூடு. காய்த்துப்போன ஐந்து விரல்.

"இன்னும் கொஞ்சம் பிள்ளை."

கெஞ்சும் குரல். தான் சொன்னதுதான் சரி என்று யாராவது ஒருத்தி ஒரேயொரு சொட்டாவது காட்டவேண்டும் என்று கெஞ்சும் குரல். கடல் தாண்டி, பாதை தாண்டி, அதற்காக இவ்வளவு தூரம் வந்திருந்தா.

இனி எனக்கு எந்தத் தடையும் இல்லை. டொக்டரே சொல்லிவிட்டார். கையை முழங்காலில் ஊன்றி, பல்லைக் கடித்து, அடிவயிற்றிலிருந்து முக்கி, ஒன்றரை மாதமாக அடக்கிவைத்த கத்தல் முழுவதையும் ஒன்றாக விட்டேன்.

"கையை எடுங்கோ மாமி!"

நிமிர்ந்தேன். வெளியே கதிரைகள் இழுபட்டன. ஜோர்ஜ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. மேலுதட்டை விரலால் தொட்டேன். ஈரமில்லை.

டொக்டர் வேதநாதன் எழும்பாமல் அப்படியே இருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து தண்ணீர் கோடு கோடாக வடிந்து கன்னத்தில் இறங்கியது. கழற்றித் துடைக்க அவருடைய கை எழவில்லை.

மடியிலிருந்த துணியை எடுத்து அவரிடம் நீட்டினேன். எனக்கு அது தேவைப்படவில்லை.